பூமாவுக்குத் தனிப் பாடம்

காலைக் காப்பி எனக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்க வேண்டும். டிகாக்ஷன் எவ்வளவு விடுவது என்பது என் பெண் பூமாவுக்குத்தான் கைவந்தது. அவள் அம்மா ஹேமாம்புஜம் போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவதும் விளக்கு எரிவதும் அவளால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு என்னைப் பொல்லாதவன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

திருவள்ளூரில் டுடோரியல் நடத்துகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவர்கள் பொன்னேரி, திருநின்றவூர் என்று நாலா பக்கமிருந்தும் வருவார்கள். நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி இங்கிலீஷ் வந்துவிடும் என்பது என் கட்சி. அதனால் இறந்தகால வினைகளுக்காக உயிரை விடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பாஸ்ட் டென்ஸ் ஆராவமுதன்' என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அறுபத்தொன்பதில் பூமாவுக்கு டெலிபோன் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்று ஆசை வந்தது. பட்டணத்தில் வேலை, ஹாஸ்டலில் ஜாகை. அதற்குப் பரீட்சை எழுதி, இன்டர்வியூவில் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். "நீங்களே சொல்லித் தாங்கோப்பா. வேற யார்கிட்டயும் நான் போகமாட்டேன்" என்றாள்.

சொல்லித் தந்தேன். 'டிட்' வந்தால் பின்னால் வரும் வினையும் இறந்தகாலமாகவே இருக்க வேண்டும், வண்டியில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே பக்கம்தானே போக வேண்டும் என்றேன். 'டிட் யூ வென்ட்', 'டிட் நாட் கேம்'. மாட்டை நினைத்துச் சிரித்தாள், பிறகு மறக்கவே இல்லை. இப்படி இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு காரணம் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி படித்ததாகச் சொன்னாள். அங்கே எல்லாம் அரைகுறை என்றேன். கடையில் விற்கிற இலக்கணப் புத்தகங்களைத் தொடாதே என்றும் சொல்லி வைத்தேன்.

முதல் தடவை தோற்றாள். அடுத்த தடவையும் தோற்றாள். அமாவாசைதோறும் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க ஆரம்பித்தாள். உடம்பு நோய் தீரத்தான் ஊரில் கரைப்பார்கள். இவள் தன் மந்த புத்தி தீரக் கரைத்தாள். படி வழுக்கிவிடாமல் நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழவேற்காட்டு மீனவப் பெண் ரத்னா, திருவள்ளூரில் அத்தை வீட்டில் தங்கி என்னிடம் படித்தவள். அதே பரீட்சையில் தேறி வேலைக்கும் போய்விட்டாள். ஒரு நாள் பழமும் கனகாம்பரமும் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாள். கூடத்தில் பூமாவும் அவளும் இங்கிலீஷில் பேசிப் பார்த்தார்கள். நான் உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தேன்.

"இன்னாக்கா இப்டி பேசற? சார் எங்களுக்கு வேற மாதிரி இல்ல சொல்லிக் குடுத்தாரு" என்றாள் ரத்னா.

பூமா குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா எனக்குத் தப்பாச் சொல்லித் தருவாரா? நீதான் சரியாக் கேட்டுண்டிருக்க மாட்டே. இனிமே நீ இங்க வராதே."

ரத்னா பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பூமா உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "உங்களைப் போய் அப்படிச் சொல்றாளேப்பா. என்னால தாங்க முடியலை" என்று விம்மினாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரீட்சை எழுத அவளுக்கு இன்னும் வயது இருந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றேன்.

பட்டணத்து ரயிலில் என்ன கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி டியூட்டி வேறு போடுவார்கள். தாயில்லாப் பெண்ணை எந்த அப்பன் தனியாக அனுப்புவான்? அவளை நான் ஒரு நாள்கூட அடித்ததில்லை, போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

போன வாரம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. "உங்களை மாதிரி வாத்தியார் கிடைச்சும் எனக்கு ஏறலையே. நான் சுத்த மண்டுப்பா" என்று சொல்லிக்கொண்டே எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள். பாவம், குழந்தை.

நாளைக்கு நாள் நன்றாக இருக்கிறது. முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சரியாகச் சொல்லித் தரலாம் என்றிருக்கிறேன்.