குடைக்கு மைக் ரிப்பேர்

கேம்னு கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க தம்பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டில சாஞ்சு நிக்கிறாரே, தொப்பி போட்டுக்கிட்டு, அவர்தான் என் வீட்டுக்காரர். காலேஜ் வேலைக்கு லேப்டாப்புன்னு மட்டும்தான் அவருக்குத் தெரியும். கேம்ங்கிற வார்த்த காதுல விழுந்தா உள்ள வந்து உங்க மேஜையவே கவுத்துருவாரு. இல்ல, சும்மா சொல்றேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருவாரு. அது அதவிட மோசம்.

பையனுக்கான்னு கேக்குறீங்க, பாருங்க, பக்கத்துக் கடையிலயும் இதே கேள்வி. எனக்குத்தான் தம்பி. காலேஜும் நான்தான், கேமும் நான்தான். பகல்ல சலவைக் கடையில துணி மடிக்கிறேன், சாயங்காலம் காலேஜு, கணக்குப் பதிவு படிக்கிறேன். சிரிங்க, பரவால்ல. எங்க கிளாஸ்ல வாத்தியாரே என்னைவிடச் சின்னவரு.

இந்த மெலிசா இருக்குறது வேணாம். பாக்க நல்லாத்தான் இருக்கு, பைக்குள்ள வெச்சா வெச்ச மாதிரியே தெரியாது. ஆனா கேம் ஓடுமா? உண்மையச் சொல்லுங்க. ஓடும் ஆனா திணறும்னா, அதுக்கு ஓடாதுன்னுதானே அர்த்தம். திணறித் திணறி நின்னே போன ஒண்ணு ஏற்கனவே வீட்ல இருக்கு.

அப்ப அது? அய்யோ, கீபோர்டுக்குள்ள என்ன இப்படிச் செவப்பும் பச்சையுமா எரியுது, சர்க்கஸ் கூடாரமாட்டம். லைட்ட அணைச்சுரலாமா, சரி. தூக்கிப் பாக்கட்டுமா. எங்க கடை இஸ்திரிப் பெட்டி இதவிட லேசு தம்பி. இதத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறி எறங்குனா, படிப்பு முடியறதுக்குள்ள எனக்குத் தோள்பட்ட எறங்கிரும். பேட்டரியும் நிக்காதுங்கிறீங்க. யானையக் கட்டித் தீனி போடுற கதைதான். எனக்கு நடுவுல ஒண்ணு காட்டுங்க.

மணி என்ன ஆச்சு? உங்க கடிகாரம் சரியாத்தான் ஓடுதா? இல்ல, அவசரம் இல்ல. அவசரம்தான். கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு வந்தவ மாதிரிதான் நிக்கிறேன், எனக்கே தெரியுது. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இது என் வீட்டு மேஜையில இருக்கணும். நாளைக்கு வந்து எடுத்துக்குங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க, நாளைக்கு இது எனக்கு வேண்டியதே இல்ல.

என்ன கேமா? காட்டுக்குள்ள நாலஞ்சு பேரு சேந்து போயி, மரம் வெட்டி வீடு கட்டுறது. இருட்டுனா ஓநாய் வரும். ஆமா, அதேதான். நீங்களும் ஆடுவீங்களா? அப்ப உங்களுக்குப் புரியும். நெறைய மரம் ஒண்ணா வந்தா பழைய லேப்டாப்பு அப்படியே உறைஞ்சு போகுது. நான் கோடாலியத் தூக்கினபடி செலையாட்டம் நிக்கிறேன், அந்தப் பக்கம் ஓநாய் வருது.

பதினாறு ஜிபி போதுமா? கிராபிக்ஸ் தனியா இருக்கா இதுல? சரி, மத்தியானத்துல இருந்து மூணு கடை ஏறி எறங்கிருக்கேன், இந்த வார்த்தையெல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. எடையும் பரவால்ல. இப்ப முக்கியமான கேள்வி. மைக் எப்படி?

சுமாரா இருக்கும்னா எப்படி? பேசினா பேசுறவங்க கொரல் அப்படியே போகுமா? தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி மாறிராதே? யாரு பேசுறாங்கன்னு அடையாளம் தெரியணும் தம்பி, அதான் எனக்கு வேணும். ஹெட்போன் வேணாம். ஓசியாவே குடுத்தாலும் வேணாம். ஸ்பீக்கர்ல சத்தமா வெளிய கேக்கணும், அடுத்த ரூம்ல டிவி ஓடிக்கிட்டு இருந்தாலும் கேக்கணும்.

இதையே போட்ருங்க. வெல என்னவோ அத அவர்கிட்ட பேசிக்குங்க, பேரம் பேசாம அவருக்குத் தூக்கம் வராது. நீங்க மொதல்ல கேம ஏத்துங்க. எங்க வீட்டு நெட்டு நொண்டியடிக்கும், அதுல ஏத்துனா விடிஞ்சிரும்.

எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கோடு நகரவே மாட்டேங்குது. உக்கார முடியாது தம்பி, நின்னுக்கிறேன். நாற்காலிய நீங்க வெச்சுக்குங்க.

சொல்றேன். உங்க வயசுதான் இருக்கும், எனக்கு ஒருத்தன் இருக்கான். கணக்குப் பதிவுதான் படிச்சான். பாதியில விட்டுட்டான். வெளையாடியே படிப்பக் கெடுத்துக்கிட்டான்னு அவர் ஒரு நாளு வாய்க்கு வந்தபடி பேசினாரு. வெளையாடுறவனுக்கு இந்த வீட்ல எடமில்லன்னாரு. கோவத்துல எந்த அப்பந்தான் சொல்லல. ஆனா இவன் துணிய எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டான். லேப்டாப்ப மேஜையிலயே வெச்சுட்டான். போன் நம்பர மாத்திட்டான். ரெண்டு வருஷம். அவன் பேர வீட்ல எடுக்கக் கூடாது. எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, யாரும் எடுக்கல, அவ்வளவுதான்.

அவன் விட்டுட்டு ஓடுற அளவுக்கு அந்தப் படிப்பு அப்படி என்னதான்னு பாக்கத்தான் நான் சேந்தேன். மூணாவது பாடத்துலயே புரிஞ்சு போச்சு. ஆனாலும் விடல. நானும் விட்டா வீட்ல யாருதான் முடிக்கிறது.

நகருதா? பாதி கூட வரலியா?

அவன் லேப்டாப்லதான் படிச்சேன். ஒரு நாளு பாடத்தத் தொறக்கப் போயி, தெரியாம பக்கத்துல இருந்த கேம அமுக்கிட்டேன். புதுசா ஒரு பேரு வைன்னு கேட்டுச்சு. எதுக்க குடை தொங்குச்சு, குடைன்னு அடிச்சேன். அப்புறம் நண்பனத் தேடுன்னு வந்துச்சு. எனக்கு அங்க யாரத் தெரியும். காலையில எந்திரிக்காதவன நான் தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுவேன், அதையேதான் அவன் கேம்ல பேரா வெச்சிருந்தான். அந்தப் பேரு வெச்சுக்கிட்டு ஆடுறவன் உலகத்துல இன்னொருத்தன் இருப்பானா? அடிச்சேன். இருந்தான். வான்னு ஒரு பட்டன் வந்துச்சு, போயிட்டேன்.

ரூம்ல கூட இருக்குறவனோட மெஷின்ல ஆடுறானாம். அவன் மைக்ல பேசுவான், நான் அடிச்சு அடிச்சு பதில் சொல்லுவேன். சரி. வர்றேன். ஓநாய். இதுக்குமேல வேகமா அடிக்க வராது. ஏன் குடை பேச மாட்டேங்குறேன்னான். மைக் ரிப்பேர்னு அடிச்சேன். அம்மான்னு தெரிஞ்சா அந்தப் பேரையும் மாத்திட்டுப் போயிருவான் தம்பி. நம்பர மாத்துனவன்தானே. எனக்கு அவன் கொரல் கேட்டாப் போதும்னு இருந்துச்சு. ஹெட்போன மாட்டிக்கிட்டு கேட்டேன், அடுத்த ரூம்ல இருக்குற இவருக்குக் கேக்காம. அது ஒரு பாவம் மாதிரிதான் இருந்துச்சு, ஒருத்தி மட்டும் ஒளிச்சு வெச்சுத் திங்கிற மாதிரி.

நான் உறைஞ்சு நிக்கிறேன்னு சொன்னேன்ல? எல்லாரும் ஓடிருவாங்க. அவன் மட்டும் என் பக்கத்துலயே நின்னு ஓநாய வெட்டுவான். யாருன்னே தெரியாத ஒரு குடைக்காக நிப்பான். அதப் பாத்துட்டு அடுப்படியில போயி அழுதிருக்கேன்.

ஒரு தப்பும் பண்ணிட்டேன். அவன் கட்டுன வீட்ல பெட்டி பெட்டியாச் சாமான் கெடக்கும், கல்லும் கயிறும் ஒண்ணாக் கொட்டி. பாக்கச் சகிக்கல. எங்க கடையில மடிப்பு மேஜைக்கு ஒரு அடுக்கு உண்டு. கனத்தது அடியில, அடிக்கடி கை போறது வலப்பக்கம், கிழிஞ்சது தனியா எடது ஓரத்துல. கைப்பழக்கம், அப்படியே அடுக்கி வெச்சுட்டேன். அவன் வந்து தொறந்தான். மூடிட்டு மறுபடியும் தொறந்தான். சின்னதுல பள்ளிக்கூடம் விட்டதும் எங்க கடையில அந்த மடிப்பு மேஜைக்கு அடியில உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். அப்புறம் சொன்னான், எங்கம்மா இப்படித்தான் அடுக்குவாங்கன்னு. நான் கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். சாப்டியா குடைன்னு கேட்டான். அதுல இருந்து தெனம் போறதுக்கு முன்னாடி கேக்குறான், சாப்டியா குடைன்னு. நான் ம்னு அடிப்பேன்.

நான்தான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா? அப்படியா நெனைக்கிறீங்க? வேணாம் தம்பி, அப்படிச் சொல்லாதீங்க.

நேத்து சொன்னான், கப்பல் வேலை கெடச்சிருச்சாம். நாளைக்குக் காலையில ஏறுறான். அங்க இதெல்லாம் ஓடாதாம், எறங்க ஒரு வருஷம் ஆகுமாம். இன்னைக்கு ஆறு மணிக்குக் கடைசியா ஒரு தடவ வர்றேன் குடைன்னான். அத அவன் சொல்லும்போதே பழைய லேப்டாப்பு உறைஞ்சுச்சு. மறுபடி உயிரே வரல. மைக்கும் அதுல உண்மையிலயே ரிப்பேர்தான், அத மட்டும் நான் பொய் சொல்லல. இன்னைக்குப் பேசணும் தம்பி. கோச்சுக்கிட்டுப் போனாலும் போகட்டும், பேசிட்டுத்தான் அனுப்புவேன்.

முடிஞ்சிருச்சா? கோடு முடிஞ்சிருச்சு, பாருங்க. அந்த மைக்க மட்டும் ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. இதுல பேசினா பதிஞ்சு திரும்பச் சொல்லுமா? என்ன பேசுறது. இருங்க.

டேய் தூங்குமூஞ்சி, சாப்டியாடா?

இப்பப் போடுங்க. நல்லா வெச்சுப் போடுங்க.

அய்யோ, கட முழுக்கக் கேக்குதே. கதவ யாரு தொறந்து வெச்சது? கொறைங்க, கொறைங்க தம்பி, அவர் திரும்பிப் பாக்குறாரு. அந்தப் பேரு அவர் காதுல விழுந்து ரெண்டு வருஷமாச்சு. தொப்பியக் கழட்டிட்டாரு. உள்ள வர்றாரு.

இல்ல, கொறைக்காதீங்க. இருக்கட்டும். இன்னொரு தடவ போடுங்க.