நாலு சுத்து சுத்தியும் கிடைக்காத வாசல்

இந்தச் சம்பவத்தை என் மச்சான் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறார். பத்து வருஷமாக எனக்கு இதன்மேல் ஒரு சந்தேகம். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் நடந்த விஷயம் என்றால் சொல்லச் சொல்லக் கொஞ்சமாவது தேயும், இல்லை வளரும். இது இரண்டுமில்லை. அதே தூறல், அதே பெஞ்சு, அதே திரைச்சீலைக் கம்பி. ஒருவேளை குறை என்னிடம்தானோ, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையோ என்றும் யோசித்திருக்கிறேன். எதற்கும் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பெரிய கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர். ஊர் எல்லையில் வீட்டுச் சாமான் விற்கிற அந்தப் பெரிய கடையின் நுழைவாயிலையும் வண்டி நிறுத்துமிடத்தையும் வரைந்தது அவர்தான். கடை திறந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே திரைச்சீலைக் கம்பி வாங்கப் போனார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் தூறல். தள்ளுவண்டிகளை நிறுத்தும் கொட்டகையில் ஒரு பெஞ்சு இருந்தது. கம்பியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது ஒரு சின்ன நீலக் கார் எதிரே இருந்த கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர், கதவைச் சாத்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"...நாலு சுத்து சார், நாலு! செக்குமாடு கூட இப்படிச் சுத்தாது. ஒரு கடைக்குள்ள போறதுக்கு நாலு சுத்தா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற மாதிரி, இத்தாம் பெரிய வாசலக் கொண்டுபோய் அந்த விளம்பரப் பலகைக்குப் பின்னால மறைச்சு வச்சிருக்கான். அம்புக்குறி போட்டிருக்கான், இல்லேன்னு சொல்லல... எங்க போட்டிருக்கான்? வாசலத் தாண்டினப்புறம்! 'இங்கதான்யா நீ திரும்பியிருக்கணும்'னு நமக்குப் புத்தி சொல்றதுக்கா சார் அம்புக்குறி?"

மச்சான் கம்பியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகை அவர் வரைந்த படத்தில் கிடையாது. பிறகு கடைக்காரர்கள் நட்டது. அதைச் சொல்ல வாய் திறந்தால் மீதியையும் சொல்ல வேண்டிவரும். மூடிக்கொண்டார்.

"நகந்து உக்காருங்க சார், நானும் உக்காந்துக்கிறேன். கம்போட காவல்தெய்வம் மாதிரி உக்காந்திருக்கீங்க... நான் யாருன்னு நினைச்சீங்க? முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன். நாப்பதடி பஸ்ஸு! சந்தைத் தெருவுல ரெண்டு பக்கமும் கூடை, நடுவுல ஒரு மாடு, ஒரு தக்காளி நசுங்காமத் திருப்பினவன் சார். ரிட்டயர் ஆனப்ப மேடையில ஏத்திக் கடியாரம் குடுத்தாங்க. அது ஓடல, அது வேற விஷயம்... எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், வாசல். சரி, எப்படியோ உள்ள வந்தாச்சு. வந்தா? கோடு போட்டிருக்கான் பாருங்க. காரை நிறுத்தலாம், கதவத் திறக்க முடியாது! அப்புறம் நான் என்ன, ஆவியாவா வெளிய வர்றது? சரி, வயித்த எக்கி வெளிய வந்தாச்சு. நிமிந்து பாத்தா ஒரே சுவரு. சுவரு பூரா ஒரு குடும்பம், இவ்வளவு பெரிசா சிரிச்சுக்கிட்டு நிக்குது. எதுக்குச் சிரிக்குதுன்னு இப்பத்தான் புரியுது! கதவு எங்கடான்னா, கட்டடத்தையே சுத்திக்கிட்டு அந்தப் பக்கம். இப்ப நான் வர்றப்ப ஒரு அம்மா அந்தச் சுவரத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டிருந்தாங்க சார், கதவுன்னு நினைச்சுக்கிட்டு. கண்ணால பாத்தேன்."

பெரியவர் கைக்குட்டையால் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் படத்த வரைஞ்சவன் யாருன்னு ஒருநாள் தெரியணும். அடிக்கமாட்டேன் சார், சேச்சே. பக்கத்து சீட்டுல உக்கார வச்சு, 'தம்பி, நீ வரைஞ்ச வாசல்தான, நீயே உள்ள கூட்டிட்டுப் போ'ம்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்... ஆமா, நீங்க எப்படி சார் உள்ள வந்தீங்க? ...என்ன, தொண்டை கட்டிக்கிச்சா? தூறல்ல உக்காந்தா அப்படித்தான். விடுங்க, விடுங்க, பேசாதீங்க."

மச்சான் அவசரமாகத் தலையாட்டினார். பேசாமலிருக்க அனுமதி கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் பெரியவர் சட்டென்று எழுந்து காரின் முன்பக்கம் போய்க் குனிந்தார். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"இதப் பாருங்க. இங்க, இந்த மூலையில. வாசல் தூண்ல உரசினது. பெயிண்டு போனாப் போகுது. ஆனா இது மூணாவது சார்... மூணாவது. முதல்ல எங்க வீட்டு கேட்டு. அந்தக் கொத்தன் தூணத் தள்ளி வச்சுக் கட்டிட்டான். ரெண்டாவது மக வீட்டு அடுக்குமாடியில. அங்கயும் அப்படித்தான், வாசல் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். ரெண்டாவது தடவையே என் வீட்டுக்காரி, மக இருக்கா, மாப்பிள்ளை இருக்காரு, அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா: 'இன்னொரு கீறல் விழட்டும், சாவி மாப்பிள்ளைக்கு. நீங்க பின்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வாங்க.' பின்னாடி சார்! முப்பத்திரண்டு வருஷம் அம்பது பேரப் பின்னாடி உக்கார வச்சவன் நான். மாப்பிள்ளை நல்ல மனுஷன், குறை சொல்லல... ஆனா அவரு ஓட்டுறப்ப ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு, என்னமோ கொதிக்கிற சட்டியத் தூக்கிட்டுப் போற மாதிரி... எனக்கு நெஞ்சு அடைக்கும்."

தூறல் கொட்டகைத் தகரத்தின்மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"அவள முதல் சுத்துலயே ரோட்டோரமா இறக்கிவிட்டுட்டேன். 'நீ போய்ச் செருப்பு ஸ்டாண்டப் பாரு, இதோ வண்டியப் போட்டுட்டு வரேன்'னேன். இந்நேரம் வாங்கி முடிச்சிருப்பா. வந்ததும் கண்ணு நேரா இந்த மூலைக்குத்தான் போகும். என்ன சொல்லுவா தெரியுமா? 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.' ரெண்டு தடவையும் அதத்தான் சொன்னா. ஏன் சார், நான் கேக்கறேன்... கூடமும் கோணலா இருக்கக்கூடாதா? ஒரு தடவையாவது? அதான், நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். படிச்சவர் மாதிரி இருக்கீங்க. அவ வந்ததும் ஒரே ஒரு வார்த்தை: 'ஆமாம்மா, இந்த வாசல் சரியில்ல.' நான் சொன்னா நம்பமாட்டா. மூணாவது மனுஷன் சொன்னா எடுபடும்."

மச்சானுக்குக் கம்பி கையிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டார். தன் வாயாலேயே தன் வேலையைக் குட்டிச்சுவர் என்று சொல்லவேண்டும். அதுவும் ஒரு செருப்பு ஸ்டாண்டின் முன்னால்.

"யோசிக்கிறீங்க. ஆதாரம் இல்லாமச் சொல்ல மனசு வரல. நியாயம்தான். இருங்க, காட்டுறேன்."

பெரியவர் வரிசையிலிருந்து ஒரு தள்ளுவண்டியை உருவினார். அதன் சக்கரம் ஒன்று தன் இஷ்டத்துக்கு ஆடியது.

"இதுதான் பஸ்ஸு. அந்தக் குப்பைத் தொட்டிதான் வாசல் ஓரம். இப்ப பஸ்ல டிரைவர் எங்க உக்காந்திருக்கான்? எல்லாத்துக்கும் முன்னாடி, கண்ணாடிய ஒட்டி. முன்சக்கரம் நம்ம முதுகுக்குப் பின்னால கிடக்கு. அதனால மூலை வந்ததும் ஸ்டியரிங்க ஒடிக்கக்கூடாது. ஒடிச்சா பின்பக்கம் மூலையில ஏறிடும். பொறுக்கணும்... நாம மூலையத் தாண்டணும்... தாண்டி, இன்னும் கொஞ்சம் போய்... இப்ப! இப்ப ஒடிக்கணும். பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா வந்துச்சு! இது தொழில் சார். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்குடுத்தேன், 'உன்னத் தாண்ட விடு, அப்புறம் திருப்பு'ன்னு. இப்ப இதே மாதிரித்தான் காரையும், மூலையத் தாண்டி, கொஞ்சம் போயி... கார்ல... முன்சக்கரம்..."

தள்ளுவண்டி நின்றது. பெரியவர் திரும்பித் தன் நீலக் காரைப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். மறுபடியும் முன்சக்கரத்தை.

"...நமக்கு முன்னாடில்ல இருக்கு. அப்ப தாண்டிப் போய் ஒடிச்சா மூக்கு எதிர்த் தூண்லல்ல போய் உரசும்."

பெரியவர் தள்ளுவண்டியின் கைப்பிடியை விட்டார்.

"எங்க வீட்டு கேட்டு... அதுவும் அப்படித்தானா? மக வீடு? அடடா... அந்தக் கொத்தன ரெண்டு வருஷமா நான் பாக்கறப்பல்லாம் திட்டிக்கிட்டிருக்கேனே!" அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸு என் உடம்புல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்கமாட்டேங்குது சார்! சரி, இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே உரசாது. ஆனா... அவகிட்ட இதச் சொன்னா சாவி போச்சே. ஐயோ, அதோ வரா! சார், நீங்க எதையும் பாக்கல. தள்ளுவண்டிய உள்ள தள்ளிடுங்க, தள்ளிடுங்க!"

பெரியவரின் மனைவி ஒரு நீள அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தூறலில் நனைந்தபடி வந்தார். கண் நேராகப் பம்பர் மூலைக்குப் போயிற்று. இடுப்பில் கை வைத்தார்.

"என்னங்க இது?"

"வாசல்... வாசல்தான்... சாரைக் கேளு. நான் ஒண்ணும் சொல்லல. சாரே சொல்லுவாரு."

"ஏன் தம்பி, இவரு சொல்றது நெசமா? இல்ல உங்களயும் பேசிப் பேசி மயக்கிட்டாரா?"

மச்சான் எழுந்து நின்றார். கம்பியை ஊன்றிக்கொண்டார். "இல்லம்மா. அவர் மேல தப்பில்ல. இந்த வாசல் சரியில்ல. வரைஞ்சவனத்தான் சொல்லணும்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, "ம்... அப்ப சாவி இன்னும் உங்ககிட்டயே இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு இப்பக் குடுக்க வேணாம்" என்று கார்க் கதவைத் திறந்தார். பெரியவர் அட்டைப்பெட்டியை ஏற்றிக்கொண்டே மச்சான் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"தூறல் விடற மாதிரி தெரியலையே சார், உங்க வண்டி எந்தப் பக்கம்? ஏறுங்க, அதுவரைக்கும் கொண்டுபோய் விடறேன். கம்பிய ஜன்னல் வழியா நீட்டிக்கலாம்... அட, எங்க சார் போறீங்க? சார்!"

மச்சான் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, வண்டிகள் நின்ற பக்கம் திரும்பாமல், வெளியே ரோட்டுப் பக்கமாக வேகமாக நடந்துவிட்டார்.

கதை இத்தோடு முடியும். இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் மச்சான் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். "எனக்கென்ன நஷ்டம்? ஒரு வார்த்தை. தப்பு அவருதுதான், அதை அவரே ஒத்துக்கிட்டாரு. இருந்தாலும் பழியை நான் ஏத்துக்கிட்டேன். அவருக்குச் சாவி மிஞ்சிச்சு" என்பார். என் மனைவி, "அண்ணனுக்கு எப்பவுமே இளகின மனசு" என்பாள். நானும் தலையாட்டுவேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஏன் தலையாட்டினேன் என்று யோசித்துக்கொண்டு வருவேன்.

பஸ்காரர் தாமதமாகத் திருப்பினார், சரி. அது தூணில் உரசியதற்குக் காரணம். ஆனால் சுவரைத் தள்ளிப் பார்த்த அந்த அம்மா பஸ் ஓட்டியவர் இல்லையே. வாசலைத் தாண்டி நின்ற அம்புக்குறிக்கும் முன்சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆடத் தெரியாதவர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதற்காகக் கூடம் நேராகிவிடுமா?

போன வாரம் மச்சான் வீட்டுக் கூடத்தில் மறுபடியும் இந்தக் கதை நடந்தது. பேசிக்கொண்டே வந்தவர் சாய்ந்துகொள்ளும் இடத்துக்கு வந்து சாய்ந்துகொண்டார். அவர் தலைக்குமேல் அதே கம்பியில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனதை அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க... அன்னைக்கி உங்க காரை நீங்க எங்க நிறுத்தியிருந்தீங்க?"