ரசீது எண் 0001: பூட்டு ஒன்று

2023 நவம்பர் 15ஆம் தேதி மாலை 4.10 மணிக்கு, மணிலா திவிசோரியா பகுதியிலுள்ள காவல் நிலையத்தில், துணை ஆய்வாளர் திமாலன்தா விசாரித்தபோது நான் சொன்னது.

பெயர் பெர்லீட்டா சுமகைசாய். வயது 46. வசிப்பிடம் தொண்டோ, ரயில் பாதை ஓரம், மூன்றாவது சந்து, 114ஆம் எண் வீட்டு மாடி. தொழில் நடைபாதை வியாபாரி.

பெலார்மினோ கட்டடத்தின் மேலாளர் ரொதேல் கடகுட்டான் என் மீது கொடுத்த புகார் படித்துக் காட்டப்பட்டது. கட்டடத்தின் பொது வழியை நான் ஆக்கிரமித்து அனுமதியில்லாமல் வியாபாரம் செய்கிறேன் என்று அதில் இருக்கிறது. அதுபற்றிச் சொல்கிறேன்.

அந்தக் கட்டடத்துக்கு எதிரே நடைபாதையில் பதினோரு வருடமாகப் பூட்டு விற்று, மாற்றுச் சாவி போட்டுக் கொடுத்து வருகிறேன். நடைபாதையைக் காலி செய்யும் லாரி என் வண்டியை மூன்று முறை அள்ளிப் போயிருக்கிறது. மூன்றாவது முறை அரங்களும் சாவி வெட்டும் மெஷினும் சேர்ந்து போயின. அரங்கள் மட்டும் திரும்பி வந்தன. அதன் பிறகு, ஷட்டர் உள்ள இடம் ஒன்று பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

சென்ற மாதக் கடைசியில் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியிலுள்ள இடம் காலியானது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் எனக்கு அது போதும். ரொதேல் டேப் பிடித்து அளந்தார். பின்சுவரிலிருந்து ஷட்டர் வரை அளந்துவிட்டு, ஷட்டருக்கு வெளியே இரண்டு டைல்ஸ் வரிசையையும் சேர்த்துக்கொண்டார். "வாடிக்கையாளர் நிக்கிற இடமும் இடம்தானக்கா" என்றார். அந்த இரண்டு வரிசைக்கும் வாடகை உண்டு என்று அவர் கையாலேயே ஒப்பந்தத்தில் எழுதினார். நவம்பர் 6ஆம் தேதி கையெழுத்தானது. முன்பணமாக என்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்தேன். 15ஆம் தேதி மாலை ஆறு மணிக்குள் அந்த இடத்தில் வியாபாரம் தொடங்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும், முன்பணம் திரும்பாது என்பது ஒப்பந்தத்தின் எட்டாவது விதி.

அதன் பிறகு வரி அலுவலகத்தில் கடையைப் பதிவு செய்து, படிக்கட்டின் கீழ் என்ற விலாசத்தோடு ரசீதுப் புத்தகம் அச்சடித்து வாங்கிக்கொண்டு, 9ஆம் தேதி சாவி கேட்கப் போனேன்.

"ஷட்டர் சாவி எங்கயோ விழுந்துடுச்சுக்கா. நாளைக்கு வாங்க" என்றார் ரொதேல்.

"சாவி போடுறதுதான சார் என் பொழப்பு. அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தரேன்."

"ஷட்டர்ல கை வச்சீங்கன்னா போலீஸ்தான்."

நான் கை வைக்கவில்லை. அது ஐந்து பல் சாவி. அந்தப் பூட்டைத் திறக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அடுத்து வந்த ஐந்து நாளும் போய்க் கேட்டேன், ஐந்து நாளும் சாவி தொலைந்தே இருந்தது. பக்கத்துக் கடையில் திரைச்சீலை விற்கும் நெனெட்தான் எனக்கு விவரம் சொன்னாள்.

"சாவியாவது தொலையறதாவது. ரொதேல் செல்போன் உறை விக்கிறவன்கூட உக்காந்து ரெண்டு வாரமா காப்பி குடிச்சிட்டிருக்கான். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு அந்த இடம் அவனுக்குடி. நீ பதினஞ்சாம் தேதி வரைக்கும் நடந்துகிட்டே இருப்ப."

நேற்று இரவு ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். ஷட்டருக்கு வெளியே அந்த இரண்டு டைல்ஸ் வரிசையும் என்னுடையவை என்று அதில் இருந்தது. இன்று காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது வரிசையைத் தாண்டாமல் ஸ்டூல் போட்டு, பூட்டுகளைத் தட்டில் பரப்பி, ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டூலின் நான்கு காலும் தெரியும்படி நெனெட் என் செல்போனில் படம் எடுத்தாள். மூடிய ஷட்டரைப் பார்த்து ஆட்கள் கடந்து போனார்கள். இரண்டு பேர் விலை கேட்டுவிட்டு நடந்தார்கள். போணி ஆகவில்லை.

9.40க்கு ரொதேல் வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டு வந்தார்.

"என்னக்கா, ஷட்டருக்குக் காவலா?"

"கடை தொறந்திருக்கேன் சார்."

"ஸ்டூலுக்குப் பேரு கடையா? உக்காருங்க, ஆறு மணி வரைக்கும் காத்து நல்லா வரும்." பிறகு தட்டைப் பார்த்து, "நல்லதா ஒரு பூட்டு எடுங்க. ஷட்டருக்கு இன்னொண்ணு போடணும். உங்க கைய நம்ப முடியாது" என்றார்.

"குடுக்காதடி. உன் கடையப் பூட்ட உங்கிட்டயே பூட்டு கேக்குறான் பாரு" என்று நெனெட் உள்ளேயிருந்து சொன்னாள்.

போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் தெருவில் கிடையாது. வந்தவர் யார் என்று பார்ப்பதும் கிடையாது. ரொதேலுக்கும் இது தெரியும், அவர் இதே தெருவில் முன்பு காலுறை விற்றவர். "போணி விலை போடுங்க" என்று கேட்டார். இருபது பெசோ குறைத்து, இருப்பதில் கனமான பூட்டைக் கொடுத்தேன். மூன்று சாவியையும் கொடுத்தேன். ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. மற்றவையும் விற்கட்டும் என்று, எங்கள் வழக்கப்படி, அவர் தந்த நோட்டால் மற்றப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன்.

அதன் பிறகு அவர் ரசீது கேட்டார். "ஆபீஸ்ல காசு வாங்கணும்."

"யார் பேருல சார்?"

"கம்பெனி பேருல. கீழ நான் கையெழுத்துப் போடுறேன். தேதியத் தெளிவா எழுதுங்க, போன தடவ தேதி சரியில்லன்னு கணக்குப் பொண்ணு திருப்பிட்டா."

தேதியைத் தெளிவாக எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். அவர் வாழைப்பழக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரசீது எண் 0001. பிறகு அந்தப் பூட்டை என் முதுகுக்குப் பின்னால் ஷட்டரில் மாட்டிப் பூட்டிவிட்டுப் போனார். நெனெட் அழுதாள். நான் நகலைக் கிழிக்காமல் புத்தகத்தை மூடி வைத்தேன். அதன் பிறகு கடை ஓடியது. மதியத்துக்குள் பதினேழு ரசீது போட்டேன், சாப்பிட நேரமில்லை.

மூன்று மணிக்கு இரண்டு காவலர்கள் வந்து அழைத்தார்கள். நெனெட்டிடம் தட்டை ஒப்படைத்துவிட்டு, ஒப்பந்தத்தையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

துணை ஆய்வாளர் இரண்டையும் வாங்கிப் படித்தார், படத்தையும் பார்த்தார். அதன் பிறகு புகாரை மறுபடி படித்தார். "இன்று காலை ஒன்பது மணி முதல் படிக்கட்டின் கீழ் தொடர்ந்து வியாபாரம் செய்கிறார்" என்று ரொதேலே அதில் எழுதியிருந்தார்.

"சார், இவங்க வியாபாரம் ஆரம்பிச்சிட்டாங்கன்னு சொல்றீங்களா, ஆரம்பிக்கலன்னு சொல்றீங்களா? எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று அங்கே வந்திருந்த ரொதேலைத் துணை ஆய்வாளர் கேட்டார்.

ரொதேல் தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது. ஷட்டருக்கு வெளியே இருப்பது பொது வழி என்றார். அவர் எழுத்தில் இருந்த அளவு அவருக்கே காட்டப்பட்டது. போணி யார் என்று கேட்கப்பட்டபோது ரசீதிலுள்ள கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். பிறகு வெளியே போய் நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து புகாரை வாபஸ் பெறுவதாக எழுதிக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் என்னிடம் வாங்கிய மூன்று சாவியோடு பழைய சாவி ஒன்றும் இருந்தது. ஐந்து பல். அது ஷட்டர் சாவி என்று நான் சொன்னேன்.

"பூட்டும் கடைக்கே இருக்கட்டும்க்கா" என்றார்.

"இல்ல சார், போணிப் பொருள நான் திரும்ப வாங்குறதில்ல. வந்து கழட்டி எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

காவலர் ஒருவர் உடன்போக, அவர் அதைக் கழற்றப் போயிருக்கிறார். ஷட்டர் சாவி இப்போது என் கையில் இருக்கிறது. மணி 5.35.

இதுவரை உள்ளது நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தது நடந்தபடி. கேட்டபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். தொடக்கத்தில் தொழில் என்ற இடத்தில், பழக்கத்தில், நடைபாதை வியாபாரி என்று சொல்லியிருந்தேன். அதை அடித்துவிட்டுக் கடைக்காரர் என்று எழுதும்படி கேட்டேன். துணை ஆய்வாளர் அப்படியே எழுதினார். திருத்தத்தின் ஓரத்தில் ஒரு கையொப்பமும் இங்கே ஒரு கையொப்பமும் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
பெர்லீட்டா சுமகைசாய்
கடைக்காரர்
படிக்கட்டின் கீழ், பெலார்மினோ கட்டடம், திவிசோரியா