ஊர் திரும்ப வைத்திருந்த ஷூ

இரவு ஒன்றரை மணி. பிரான்சில், துலூஸ் நகரத்துக் கால்வாய்க் கரைப் பாதை. ஈ காக்கை இல்லை. ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பிப்ரவரிக் குளிர்... அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள். நம்மோடு எல்லை தாண்டி வந்த எலாடியோ தனியாக நடந்துகொண்டிருந்தார்.

வீட்டில் சண்டை. ஸ்பெயினிலிருந்து தங்கை ஒப்துலியா எழுதியிருந்தாள்: அம்மாவுக்கு முடியவில்லை, உன்னையே கேட்கிறாள். போனால் எல்லையிலேயே பிடித்து உள்ளே போடுவார்கள். போகாவிட்டால்... அம்மா.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் படையிடம் தோற்று எல்லை தாண்டி வந்த நம் ஆட்களைத் தெரியுமே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஃபிராங்கோவை வாயாலேயே நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவோம், அவன் கேட்டால்தானே. அடுத்த மாதம் ஊருக்குப் போகிறவனுக்கு அலமாரி எதற்கு என்று நானும் பதின்மூன்று வருஷம் ஆணியில்தான் சட்டை மாட்டினேன். எலாடியோ ஒரு படி மேல். ஷூ பட்டறையில் வேலை. ஊர் திரும்பும் நாளுக்கென்று தன் கையாலேயே ஒரு ஜோடி தைத்து, கட்டிலுக்கடியில் பெட்டியில் வைத்திருந்தார். ஒருநாளும் போட்டதில்லை. மாதம் ஒருமுறை பாலிஷ் மட்டும்.

அன்றும் பாலிஷ் போட்டு, பெட்டியைப் பூட்டினார். மனைவி காசில்டா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பதிமூணு வருஷமா பெட்டி தயாராத்தான் இருக்கு. ஆளுதான் இன்னும் தயாராகல."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பின்னால்... கிறீச். கிறீச். புதுத்தோல் சத்தம். அவர் நின்றார். அது நிற்கவில்லை. தான் தைத்த ஷூ தைத்தவனுக்குத் தெரியாதா? இடது கால் மட்டும் சற்றுக் கூடுதலாக முனகும். முனகியது. பக்கத்தில் வந்தது... பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியது. தாண்டிப் போயிற்று. பாதையில் ஆள் இல்லை. சத்தம் மட்டும் பாலத்தில் ஏறி, தெற்கே, ஸ்பெயின் எல்லை மலைப்பக்கம்...

வீட்டுக்கு ஓடினார். பெட்டி பூட்டியபடியே இருந்தது. சாவி அவர் பையில். திறந்தார்.

ஷூ இல்லை.

நான்காம் வாரம் கடிதம் வந்தது. காசில்டாதான் உரக்கப் படித்தாள்.

"அண்ணா, அம்மா உன் கையைப் பிடிச்சுக்கிட்டே நிம்மதியா போயிட்டா. அடக்கம் முடிஞ்சு பத்து நாளாச்சு. நீ அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருக்க. பேச மாட்டேங்கிற. சாப்பிட மாட்டேங்கிற. ஷூவைக் கழட்டவும் மாட்டேங்கிற. அப்புறம் இந்த விலாசத்துக்கு எதுக்கு எழுதறேன்னு எனக்கே தெரியல. அங்க யாராவது இருந்தா, பதில் எழுதுங்க."

காசில்டா கடிதத்தை மடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவரின் கையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள்...

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.