ஞாயிறுதோறும் இரண்டு புள்ளி

"ஏட்டி வாணி, இது அத்தனையும் உன் பழைய ஸ்கூல் பேக்குக்குள்ள அடங்குமா?" என்று தன் ஆம்ப்ளிஃபயரையும் வயர்களையும் காட்டி என் அண்ணன் ஹரி ஒருநாள் கேட்டான். அடங்கும் என்று தலையாட்டினேன்.

ஹரி கிட்டார் வாசிப்பவன். செம்பூர், மாட்டுங்கா கஃபேக்களில் சாதனா என்ற பெண் பாடுவாள், இவன் வாசிப்பான். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு தாராவியில் பஸ் ஏறினால் கண்டக்டர் முறைப்பார். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதன்பின் ஷேக் பரீத் பாயின் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் சால்டரிங் வேலை. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

மூன்று வாரத்தில் கட்டி முடித்தேன். ஓர் அலுமினியப் பலகை. அதன்மேல், பெரிய ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை அப்படியே உண்டாக்கும் டிஜிட்டல் பெட்டி, காலால் மிதிக்கும் நான்கு ஸ்விட்ச், ஒரு பவர் சப்ளை. சத்தம் நேராக, ஹாலின் ஸ்பீக்கர்களை இயக்கும் மிக்ஸருக்குப் போய்விடும். வாசிப்பவன் தன் வாசிப்பை இயர்போனில் கேட்டுக்கொள்வான். ஹரி பையை மாட்டிக்கொண்டு அறைக்குள் நடந்து பார்த்தான். "இப்பதான் கூலிக்காரன் மாதிரி இல்லாம காலேஜ் பையன் மாதிரி இருக்கேன்லா?"

ஆளாளுக்குத் திருகினால் மேடையில் சத்தம் குழம்பும், அதனால் கட்டியவள்தான் பெட்டியின் செட்டிங் மெனுவைத் தொடவேண்டும் என்று அவனே சொன்னான். அதைப் பூட்டி, திறக்கும் நம்பரை நான் வைத்துக்கொண்டேன்.

பேச முடியாததையெல்லாம் நோட்டில் எழுதுவது என் பழக்கம். அரிசி டிரம்முக்குப் பின்னால் அப்போது பத்து நோட்டுகள் இருந்தன. பெரும்பாலும் ஹரிக்கு எழுதியவை. என் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லத் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான். ஒருநாள் ஒன்றை எடுத்துவிட்டான். இந்தி மீடியத்தில் படித்தவன், தமிழ் எழுத்து தெரியாது.

"என்னட்டி இது, பக்கம் பூரா ஜாங்கிரி பிழிஞ்சு வச்சிருக்க? படிச்சுக் காட்டேன்."

வாயைத் திறந்தேன். வரவில்லை.

"சரி விடு. எனக்குக் காதுல விழுந்தாத்தான் மண்டைல ஏறும்" என்று சிரித்தான்.

அதே வாரம் கோவாவில் ஓர் ஓட்டலில் தனக்கும் சாதனாவுக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். ஜூனில் போய்விடுவார்கள். அது நவம்பர்.

காது கெடாமலிருக்க, சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் ஏற்பாடு அந்தப் பெட்டியில் உண்டு. அதை நிறுத்தினேன். ஞாயிறுதோறும் இயர்போனுக்குப் போகும் சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றினேன். உறுத்தக்கூடாது என்று கூர்மையான ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கி வைத்தேன். ஹாலுக்குப் போகும் சத்தத்தைத் தொடவில்லை. கேட்க வந்தவர்களுக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று, வீட்டில் வாசித்துப் பழகும்போதும் இயர்போன்தான். தினம் நான்கு மணி நேரம்.

மூன்றாம் மாதம், "வாணி, என்னமோ அடங்கிக் கேக்குது, கொஞ்சம் ஏத்து" என்றான். ஏற்றினேன். அதன்பிறகு அவன் கேட்காமல் நான் எதையும் ஏற்றவில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஏப்ரலில் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "தொர காதுல வாங்க மாட்டாவ" என்று அம்மா வைதாள். மே மாதம், காதுக்குள் குக்கர் விசில் நிற்கவே இல்லை என்றான். செம்பூரில் ஒரு மாலை சாதனா ஒரு சுருதியில் பாட, அவன் வேறொன்றில் வாசித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காது டாக்டர், "எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை?" என்று கேட்டார். நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். அதை எனக்குத் தெரிந்த இந்தியில் நான்தான் ஹரிக்கு எழுதிக் காட்டினேன்.

சாதனா வேறொருவனோடு கோவா போனாள்.

அடுத்த ஆறு மாதங்கள் எங்கள் வீட்டின் நல்ல மாதங்கள். தினமும் அவனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். கடைப் பலகைகளை வாசித்தான். பிறகு என் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஐந்தாவதில் அழுதான். என் தலையில் கை வைத்து, "இம்புட்டையும் உள்ள வச்சிக்கிட்டா இருந்த?" என்றான்.

பதினோராவதில்தான் தேதிகளும் புள்ளிகளும் இருந்தன. ஒளித்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வலிக்காமலிருக்க நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

இன்று காலை வாசலில் உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். தன் குரல் தனக்குக் கேட்காததால் சந்து முழுக்கக் கேட்கும்படி படித்தான். நான் எழுதியதை முதன்முதலாக நாலு பேர் கேட்டார்கள். நான்காம் பக்கத்தில் குரல் நின்றது. மீதியை மனதுக்குள் படித்து முடித்தான்.

கோபம் வந்தால் ஹரி கத்துவான், கையில் கிடைத்ததை எறிவான். இன்று அப்படி எதுவும் இல்லை. ஆகவே புரிந்துகொண்டான் என்றே எடுத்துக்கொள்கிறேன். உள்ளே போய் கிட்டாரை எடுத்தான். செருப்பை மாட்டினான். என்னைத் தாண்டி, சந்தில் இறங்கிப் போய்விட்டான்.