பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்த அக்காவுக்கு

நின்று உழைப்போரின் நிலையறிந்த நெஞ்சத்தீர், பாதங்களின் பாடறிந்து பணிசெய்த பண்பாளரே, கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் பொருளறையைப் பதினெட்டு ஆண்டுகள் பொறுப்போடும், அதைவிட அதிகமாகப் பயத்தோடும் காத்துநின்று இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஸ்டோர் அக்கா அவர்களே, வணக்கம்.

பயத்தோடு என்ற சொல்லைக் கேட்டு முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்க்கலாம். உங்களோடு வேலை செய்த நாங்கள் திரும்ப மாட்டோம். பூட்ஸ் வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு, அவர் வாசலைத் தாண்டும்வரை அவர் நடையையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் முகம் எங்களுக்குத் தெரியும். அந்த முகத்துக்கு நாங்கள் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நீங்கள் சேர்ந்தது பரிசோதனை வரிசையில். விளக்குப் பலகைக்கு முன்னால் நின்று, ஓடிவரும் பாட்டில்களில் கீறலும் குமிழும் தேடும் வேலை. எட்டு மணி நேரமும் சிமென்ட் தரை. பத்தாம் ஆண்டில் உங்கள் வலது குதிகால் வலிக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் ஆணி ஏறியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை போவீர்கள். நடக்க நடக்கக் கொஞ்சம் விடும்; வேலை முடியும் நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். யாரிடமும் நீங்கள் வாய் திறக்கவில்லை. "நிக்க முடியலன்னா வீட்லயே இருங்க, வேலை கேட்டு வெளிய நூறு பேரு நிக்கிறாங்க" என்று அப்போதைய மேற்பார்வையாளர் யாரிடமோ சொன்னது உங்கள் காதில் விழுந்திருந்தது.

ஓராண்டு காலம் அப்படியே ஓட்டினீர்கள். இரண்டு ஜோடி சாக்ஸ், குதிகாலுக்கு அடியில் மடித்த துணி, ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். துணி நழுவியது, பெரிய பூட்ஸுக்குள் கால் வழுக்கியது, வலி முழங்காலுக்கு ஏறியது. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே சும்மா உட்கார்ந்து வந்த நாட்களும் உண்டென்று பின்னாளில் நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். கடைசியில் உங்கள் கணவர்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "நீ நடக்கிறத பாத்தா எனக்கு வலிக்குது. நாளைக்கு நீயா டாக்டர்கிட்ட போறியா, இல்ல நான் தூக்கிட்டுப் போகட்டுமா?"

நீங்கள் போய்ப் பார்த்த கால் மருத்துவரான அம்மையார், காலைத் தொடுவதற்கு முன் உங்கள் பூட்ஸைக் கையில் வாங்கி முறுக்கிப் பார்த்தார். அது ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுகியது.

"இதப் போட்டுக்கிட்டா எட்டு மணி நேரம் நிக்கிறீங்க?"

பாதத்தை நனைத்துக் காகிதத்தில் வைக்கச் சொன்னார். நடுவில் இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தது. பாதத்தின் நடு வளைவு தாழ்ந்துவிட்டதால் அடிப்பாதத்தின் தசைநார் நாள் முழுக்க இழுபடுகிறது என்று விளக்கினார். "குதிகால கெட்டியா பிடிக்கணும், விரல் பக்கம் மட்டும் மடங்கணும், அந்த மாதிரி பூட்ஸா பாருங்க. உள்ள இந்த வளைவுத் தாங்கிய வைங்க. அதுக்காக மொத நாளே நாள் பூரா போட்டுடாதீங்க. ரெண்டு மணி நேரம், அப்புறம் மூணு, அப்படியே ஏத்துங்க." கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் உருட்டும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்.

முதல் வாரம் ஒன்றும் குறையவில்லை. இரண்டாம் வாரம் உள்ளங்காலில் புதிதாக ஒரு கூச்சம் வந்து பயமுறுத்தியது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் பேருந்தைப் பிடிக்க ஓடினீர்கள். ஏறி உட்கார்ந்த பிறகுதான், ஓடியதே உங்களுக்கு உறைத்தது.

அடுத்த ஆண்டு பொருளறையில் இடம் காலியானபோது நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அதுவரை பூட்ஸ் என்றால் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுவதுதான் வழக்கம். நீங்கள் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தீர்கள். கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவு என்று வேலை முடிந்து போகும்போது கூப்பிட்டீர்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்ற பூட்ஸ் கொடுத்தீர்கள். எங்கள் சாக்ஸ் வாசனையைப் பொறுத்துக்கொண்டதற்கே தனியாக ஒரு மடல் எழுதலாம். வளைவுத் தாங்கிக்கு எங்கள் வரிசையில் 'மேடு' என்று பெயர் விழுந்தது. "அக்கா, எனக்கு மேடு வேணும்" என்று வந்து நின்றவர்கள், ஆறு ஆண்டுகளுக்கு முன் கணக்குப் பார்த்தபோது, அறுபத்து நான்கு பேர்.

அந்த ஆண்டில்தான் அது நடந்தது. பாரம் ஏற்றும் பிரிவில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக இருப்பதால் நாங்கள் நெடுமரம் என்று கூப்பிடும் நண்பர், இதோ இந்த அரங்கில்தான் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். முந்தின வாரம் நொண்டிக்கொண்டு வந்து உங்களிடம் மேடு வாங்கிப் போனவர், ஒரு மதியம் சிரித்த முகமாக வந்தார்.

"அக்கா, உங்க மேடு சூப்பர். வலி சுத்தமா போயிடுச்சு."

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்து அனுப்பியிருப்பார்கள். உங்கள் முகம் மாறிவிட்டது. உங்களுக்கு மூன்று மாதம் எடுத்த வலி இவருக்கு எப்படி ஒரே வாரத்தில் போகும்?

"உக்காரு. பூட்ஸக் கழட்டு."

"வேலை இருக்குக்கா, அப்புறமா…"

"கழட்டுன்னு சொல்றேன்ல."

இடது பூட்ஸ் வந்தது. சாக்ஸின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை காய்ந்திருந்தது. நீங்கள் பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவினீர்கள். வெளியே எடுத்தபோது உங்கள் விரல் நுனியில் ரத்தம், உங்களுடைய ரத்தம். அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிச் சில்லு உள்ளே நிமிர்ந்து நின்றது.

"இது எப்போ குத்துச்சு?"

"எது அக்கா?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் நீங்கள் அவர் சாக்ஸை உருவியதை, அன்று கையுறை வாங்க வந்து பக்கத்தில் நின்ற எங்களில் ஒருவர் பார்த்தார். சுண்டுவிரலும் அதன் அடியும் கறுத்திருந்தன. அவருக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தெரிந்தால் வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருந்தார். போனதாக அவர் நினைத்தது வலி. உண்மையில் போயிருந்தது உணர்ச்சி.

ஆம்புலன்ஸில் அந்தப் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் போனீர்கள். சீழ் எலும்புவரை இறங்கியிருக்கிறது, கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். ஒன்பது நாட்கள் வேலை முடிந்ததும் நேரே மருத்துவமனைக்குப் போய், அவர் மனைவிக்குப் பக்கத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "நீங்க கழட்டச் சொன்னதாலதான் தெரிஞ்சுது, இல்லன்னா நான்கூட பாத்திருக்க மாட்டேன்" என்று அந்தப் பெண் கையைப் பிடித்துச் சொன்னபோது உங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீங்கள் கொடுத்த மேடுதான் உரசிப் புண்ணாக்கியதோ என்ற எண்ணம் உங்களை அரித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அறுபத்து நான்கு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, மேட்டை வெளியே எடுத்து, பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள். எங்களில் சிலர் சலித்துக்கொண்டோம். இன்று அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்.

கடைசியில் தாங்க முடியாமல் உங்கள் கால் மருத்துவரிடமே போய் அந்தப் பூட்ஸையும் மேட்டையும் மேசைமேல் வைத்தீர்கள்.

"மேடு உரசல. கண்ணாடிதான் காரணம்" என்றார் அவர். நீங்கள் மூச்சு விடுவதற்குள் தொடர்ந்தார்: "ஆனா உங்க பயத்துல பாதி சரிதான். மரத்துப்போன காலுக்கு அலமாரியில இருந்து எடுத்துக் குடுக்கக் கூடாது. அவங்கள என்கிட்ட அனுப்பணும்."

பத்தாம் நாள் சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. கேட்டதும் நீங்கள் பொருளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

வந்ததும் நேரே மேலாளர் அறைக்குப் போனீர்கள். அங்கே நடந்ததை அறை எழுத்தர் எங்களுக்கு வரி பிசகாமல் சொன்னார்.

"சார், அவரு மறைச்சாரு. அந்தக் காலத்துல நானும் மறைச்சேன். சொன்னா வேலை போயிடும்னு பயமிருந்தா யாரும் சொல்ல மாட்டாங்க. கால் வலின்னு வர்றவங்கள நிறுத்த மாட்டோம்னு எழுதி ஒட்டுங்க."

"எல்லாருமே வலின்னு வந்துட்டா என்னம்மா பண்றது?"

"வரட்டும் சார். அப்பவாவது எத்தனை பேருக்கு வலிக்குதுன்னு தெரியும்."

மூன்று வாரம் இழுத்தடித்தபின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. முதல் மாதம் முப்பத்தொரு பேர் வந்தார்கள். பரிசோதனை வரிசையில் ரப்பர் விரிப்பு வந்தது. அடிப்பகுதியில் துளைக்காத தகடு வைத்த பூட்ஸ் வந்தது. மணிக்கு ஒருமுறை உட்கார ஐந்து நிமிடம் வந்தது. மேடு கேட்பவரிடம் முதலில் சர்க்கரை உண்டா, மரமரப்பு உண்டா என்று கேட்கும் வழக்கம் வந்தது. நெடுமரம், உட்கார்ந்தபடி பாட்டில்களின் அளவைச் சரிபார்க்கும் மேசை வேலைக்குத் திரும்பி வந்தார்.

கடந்த இரண்டு மாதங்களாக நீங்கள் எங்களை மறுபடி மறுபடி அழைத்து அளந்தீர்கள். போன மாதம் அளந்த காலை இந்த மாதமும் அளந்தீர்கள். நீங்கள் போனபிறகு யாராவது வலியை விழுங்கிக்கொண்டு நிற்பார்களோ என்ற கவலை அது என்று எங்களுக்குப் புரிகிறது. அந்தக் கவலை எங்களுக்கும் இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்லி உங்களை வழியனுப்ப மனமில்லை. புதிதாக வருபவர் நல்லவர் என்கிறார்கள். இருந்தாலும் திங்கள்கிழமை தோறும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் பார்ப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். சென்ற வாரம் நீங்கள் விடுப்பிலிருந்தபோது ஒத்திகையும் பார்த்தோம். கூச்சத்தில் பாதிப்பேர் சிரித்தே நேரத்தைப் போக்கினோம். ஆனால் பாட்டில்களைப் பெட்டியில் அடைக்கும் பிரிவுத் தங்கை ஒருத்தியின் குதிகால் வெடிப்பு சிவந்திருந்ததைக் கண்டுபிடித்தோம். அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். நன்றாக இருக்கிறாள்.

ஆகவே அன்பிற்சிறந்த அக்கா அவர்களே, தாங்கள் உடல் நலமும் உள்ளத்து அமைதியும் ஒருங்கே பெற்று, கணவரோடும் மக்களோடும் பல்லாண்டு வாழ வேண்டுமென மனமார வாழ்த்துகிறோம். எங்களை எண்ணிக் கவலைப்படாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் கவலைப்படுங்கள், அது திங்கள்கிழமையாக இருக்கட்டும்.

இந்த மடல் தொடங்கியதிலிருந்து நீங்கள் மரியாதைக்காக எழுந்து நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருக்கிறோம். தயவுசெய்து உட்காருங்கள், அக்கா. இனி நாங்கள் நிற்கிறோம்.

என்றும் தங்கள் அன்பை மறவா,
பரிசோதனை, அடைப்பு, பாரம் ஏற்றும் பிரிவுத் தொழிலாளர்கள் மற்றும் அலுவலகப் பணியாளர்கள்