வெள்ளைக் குதிரை ஏறிய பூட்டன்

அப்புசாமி: முழிச்சது போதும், படி சாமி. வண்டி வந்துரும்.

வசந்தாமணி: இருங்கப்பா. எழுத்து மங்கலா இருக்குது.

அப்புசாமி: மங்கலா? சேலத்துக் கலெக்டர் கச்சேரியில நேத்து எழுதிக் குடுத்த காயிதம். மசி இன்னும் கையில ஒட்டுது.

வசந்தாமணி: மசி புதுசுங்க. சங்கதி பழசில்லீங்களா... அதான்.

அப்புசாமி: ரெண்டு நாளு அந்த வாசல்லயே கெடந்தேன். ராசிபுரத்துல எறங்கி ஒரு தூக்குப்போசி நெய் வாங்கிட்டுப் போயிக் குடுத்தப்பறந்தான் குமாஸ்தா தலையத் தூக்கிப் பாத்தாரு. நம்ம பூட்டன் பேராவது இருக்குதா?

வசந்தாமணி: தேடிப் பாக்கறனுங்கப்பா.

அப்புசாமி: என்ற அப்பன், அப்பனுக்கு அப்பன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியில. வெத்தலை மாத்துன அன்னைக்கு அந்த மல்லசமுத்திரத்துக் கந்தப்பன் சபையில என்ன கேட்டாரு, ஞாவகம் இருக்குதா?

வசந்தாமணி: கதவுக்குப் பின்னாலதானுங்க நின்னேன். என்ற மவனுக்குப் பொண்ணுக் குடுக்கறீங்க, உங்க வம்சத்துல ஏழு தலைமுறை பேரு சொல்லுங்க பாக்கலாம்னாரு.

அப்புசாமி: நான் ரெண்டுலயே நின்னுபோட்டேன். அவரு பாட்டுக்கு அவுத்து உடறாரு.

வசந்தாமணி: அவிய பூட்டன் மருதாசலம். காவேரிக் கரையிலிருந்து வெள்ளக் குதிரை ஏறி மல்லசமுத்திரம் போனாராம். ஆம்பளப் புள்ள இல்லாத ஊட்டுக்கு மருமவனாப் போயி, அந்தக் காடு தோட்டமெல்லாம் இவருக்கே வந்துச்சாம்.

அப்புசாமி: நெம்ப நல்லாக் கேட்டிருக்கற.

வசந்தாமணி: நாலு தடவ சொன்னாருங்கப்பா.

அப்புசாமி: அந்த ரோசத்துலதான் சொல்லியனுப்பிட்டேன். எங்க வம்சமும் கச்சேரிக் கணக்குல இருக்குது, வந்து காதால கேட்டுக்குங்கன்னு. அது சரியாப் போச்சுன்னா இன்னைக்கே முகூர்த்த நாளு குறிச்சிருவாங்க.

வசந்தாமணி: அப்பா... அவிய ஊட்டுல பொண்ணுங்க காயிதமே தொடக்கூடாதாமே.

அப்புசாமி: ஆமா. உன்னைய எட்டாவதோட நிறுத்தச் சொன்னதே அவருதான். மூத்த மருமவ ராத்திரி வெளக்கு வெச்சுப் படிச்சான்னு தூக்கி அடுப்புல போட்டுட்டாங்களாம்.

வசந்தாமணி: அவளையுங்களா?

அப்புசாமி: புஸ்தகத்தை.

வசந்தாமணி: எனக்கு அங்க போக... புடிக்கலீங்கப்பா.

அப்புசாமி: அதை வெத்தலை மாத்தறதுக்கு முந்தி சொல்லியிருக்கோணும்.

வசந்தாமணி: யாரும் கேக்கலீங்களே.

அப்புசாமி: ம்... கேக்கலதான். இப்ப வாக்கு மாறுனா சுத்துப்பட்டு ஊரெல்லாம் சிரிக்கும். மாத்துன வெத்தலை திரும்போணும்னா ஒரே வழிதான். ரெண்டு ஊடும் பங்காளின்னு தெரியோணும். அண்ணந்தம்பி வழிக்குள்ள கண்ணாலம் உண்டா? என்ற சின்ன மாமன் பொண்ணுக்கு அப்படித்தான், பந்தக்கால் நட்டப்பறம் தெரிஞ்சுது. நட்ட காலைப் புடுங்கிக் கொண்டுபோயி மாட்டுக் கொட்டாய்க்கு நட்டாங்க. ஒருத்தரும் ஒருத்தரைக் குத்தம் சொல்லல.

வசந்தாமணி: அதை எதுக்குங்கப்பா இப்பச் சொல்றீங்க?

அப்புசாமி: சும்மா, ஞாவகம் வந்துச்சு, சொன்னேன். நீ காயிதத்தைப் பாரு.

வசந்தாமணி: இப்பத் தெளிவாத் தெரியுதுங்கப்பா.

அப்புசாமி: என்ன தெரியுது?

வசந்தாமணி: நம்ம பூட்டனைப் பெத்தவரு பேரு மாதையன்.

அப்புசாமி: மாதையன்... கனமான பேருதான். குதிரை வெச்சிருந்தாரா?

வசந்தாமணி: நம்ம பங்குக்கு எருமைங்க.

அப்புசாமி: எருமையா?

வசந்தாமணி: ரெண்டு.

அப்புசாமி: இன்னொருக்கா நல்லாப் பாரு சாமி. ஒரு மட்டக் குதிரையாச்சும்...

வசந்தாமணி: எருமைன்னுதான் இருக்குதுங்க.

அப்புசாமி: செரி உடு. வண்டி மணி கேக்குது. முந்தானைய இழுத்துப் போத்திக்க. நாஞ் சொன்னப்பறம் படிச்சாப் போதும்.

*

கந்தப்பன்: என்ன சம்மந்தி, மருமவ கையில காயிதத்தைக் குடுத்து வெச்சிருக்கறீங்க? நம்ம ஊட்டுல இதெல்லாம் ஆவாதுன்னு சொன்னனே.

அப்புசாமி: எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே. நீங்களே படிக்கறீங்களா? குடு சாமி அவருகிட்ட.

கந்தப்பன்: நானா... கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு ஒரு நாளைக்குப் புள்ளையே படிக்கட்டும். இதென்ன, இத்தினூண்டு எழுதியிருக்குது? ஒரு வம்சமே இதுக்குள்ளயா அடங்கியிருக்குது?

வசந்தாமணி: கச்சேரி எழுத்துங்க. சுருக்கித்தான் எழுதுவாங்க.

கந்தப்பன்: அது எனக்குத் தெரியாதா? சேலத்துல எல்லாம் அப்படித்தான். படி.

வசந்தாமணி: “மோகனூர் மாதையன், அவன் சம்சாரம் ராமாயி...”

கந்தப்பன்: பொம்பள பேரெல்லாமா கச்சேரியில போடுவாங்க?

வசந்தாமணி: இவங்க பேரு போட்டிருக்குதுங்க.

கந்தப்பன்: செரி, போ.

வசந்தாமணி: “இவர்களுக்குக் குமாரர்கள் இருவர். மூத்தவன் ரங்கன். இளையவன் மருதாசலம்.”

கந்தப்பன்: மருதாசலமா?

வசந்தாமணி: ஆமாங்க.

கந்தப்பன்: எங்க பூட்டன் பேருமில்ல அது?

அப்புசாமி: பேரு ஒண்ணா இருக்கறதுதானுங்க. நாட்டுல எத்தன மருதாசலம். நீ மேல படி.

வசந்தாமணி: “தகப்பன் காலத்துக்குப் பின் இருவருக்கும் பாகம் பிரிந்தது. மூத்தவனுக்கு எருமை இரண்டு. இளையவனுக்குக் குதிரை ஒன்று.”

கந்தப்பன்: என்ன நெறம்?

வசந்தாமணி: “வெள்ளை.”

கந்தப்பன்: அடேயப்பா... போட்டிருக்கானா.

அப்புசாமி: சம்மந்தி, இது வேற குதிரையா இருக்குமுங்க. காவேரிக் கரையில அந்தக் காலத்துல குதிரைக்கா பஞ்சம்?

கந்தப்பன்: கம்முனு இருங்க. வெள்ளக் குதிரை இந்தச் சீமையில ஒண்ணே ஒண்ணுதான். அது எங்களுது. நீ படி சாமி, படி.

வசந்தாமணி: “இளையவன் அக்குதிரையில் ஏறி மல்லசமுத்திரம் போய், ஆண் சந்ததி இல்லாத வீட்டில் மருமகனாகப் புகுந்தான். அவர்களுடைய குலதெய்வத்தையே தன் குலதெய்வமாகவும் வைத்துக்கொண்டான்.”

கந்தப்பன்: குடு இப்படி... ஆமா. இந்தா, குதிரைன்னு இங்கியே போட்டிருக்குது பாருங்க.

வசந்தாமணி: அது கச்சேரி முத்திரைங்க.

கந்தப்பன்: அதுக்குப் பக்கத்துலன்னு சொன்னேன். நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல, எத்தன சுத்தமா எழுதி வெச்சிருக்கான். வெள்ளக்காரன் கணக்குன்னா கணக்குதான்.

அப்புசாமி: அதெல்லாம் செரிதானுங்க. ஆனா ஒரு சங்கடமிருக்குதே.

கந்தப்பன்: என்ன சங்கடம்?

அப்புசாமி: ரங்கன் வழி நாங்க. மருதாசலம் வழி நீங்க. கும்புடற சாமி வேறயானாலும் ரத்தம் ஒண்ணாப் போச்சே. பங்காளி ஊட்டுல பொண்ணெடுக்க முடியுங்களா?

கந்தப்பன்: ... முடியாதுதான்.

அப்புசாமி: அதுக்கும் ஒரு வழி இருக்குதுங்க. இது உங்க பூட்டன் இல்ல, வேற யாரோ ஒரு மருதாசலம்னு வெச்சுக்குவோம். கண்ணாலத்தை நடத்திப்போடலாம்.

கந்தப்பன்: குதிரைய உட்டுக் குடுங்கறீங்களா?

அப்புசாமி: பையன் கண்ணாலம் பெருசா, குதிரை பெருசான்னு யோசிச்சுப் பாருங்க.

கந்தப்பன்: இருங்க, இருங்க... பையனுக்கு நாட்டுல பொண்ணா இல்ல? கச்சேரிக் கணக்குல ஏறுன குதிரை எங்க கெடைக்கும்? சம்மந்தி, உங்களுக்கு மட்டும் சொல்றேன். எங்க ஊர்ல இந்தக் குதிரைய எவனும் நம்பறதில்ல. நான் தெருவுல போனா எளவட்டப் பசங்க கனைக்கறானுங்க.

அப்புசாமி: அடப் பாவமே.

கந்தப்பன்: இனிமேக் கனைக்கட்டும், பாக்கறேன். ஆனா ஒண்ணு. எங்க பூட்டனை எளையவன்னு போட்டது தப்பு. எருமைய ஓட்டுனவன் மூத்தவன், குதிரையேறுனவன் எளையவனா?

வசந்தாமணி: அந்த எடம் கொஞ்சம் அழிஞ்சிருக்குதுங்க. மூத்தவன்னும் படிக்கலாமுங்க.

கந்தப்பன்: அப்ப அப்படியே படி.

வசந்தாமணி: “மூத்தவன் மருதாசலம்.”

கந்தப்பன்: கேட்டயா தம்பி? நான் உனக்கு அண்ணன்.

அப்புசாமி: ஆவட்டுங்கண்ணா.

கந்தப்பன்: வெத்தலைய அவியவிய திருப்பிக்குவோம். மருமவளுக்குன்னு நான் கொண்டாந்த இந்தச் சேலை புள்ளைக்கே இருக்கட்டும், பெரியப்பன் எடுத்துக் குடுத்ததா. அந்தக் காயிதத்தை இப்படிக் குடு மவளே, ஊர்ல நாலு பேருக்குக் காட்டோணும்.

வசந்தாமணி: காயிதமுங்களா... அப்பா...

அப்புசாமி: குடுக்கறதுக்கென்னங்கண்ணா. ஆனா, வாங்குன ஊட்டை உட்டு வெளிய போனாக் கச்சேரிக் காயிதம் செல்லாமப் போயிரும்னு குமாஸ்தா சொன்னாரு. செல்லாதுன்னா குதிரையும் செல்லாதில்லீங்களா?

கந்தப்பன்: அது எனக்குத் தெரியாதா? மறந்துபோயிக் கேட்டேன். பத்திரமா வெச்சிரு. மழ கிழ பட்டுறப் போவுது. ஏந் தம்பி, நம்ம வம்சத்துப் புள்ள இத்தன நல்லாப் படிக்குது, எட்டாவதோட நிறுத்திப்போட்டயே, கூறு இருக்குதா உனக்கு?

அப்புசாமி: நீங்கதானுங்களே சொன்னது...

கந்தப்பன்: அது மருமவளுக்குச் சொன்னது. மவளுக்கா சொன்னேன்? நாளைக்கே அனுப்பு. செரி, எலையப் போடச் சொல்லு. பங்காளி ஊட்டுல கை நனைக்காமப் போனா நல்லாவா இருக்கும்?

*

வசந்தாமணி: போயிட்டாருங்களாப்பா?

அப்புசாமி: வாய்க்காலைத் தாண்டிருச்சு வண்டி. வண்டிக்காரங்கிட்ட இப்பவே குதிரைக் கதைய ஆரம்பிச்சுட்டாரு.

வசந்தாமணி: உங்களுக்கு வருத்தமுங்களா?

அப்புசாமி: உங்கம்மாளுக்குத்தான். அவ இனிப்பாச் சுட்டு வெச்ச ஒப்பிட்டு அத்தனையும் தின்னுபோட்டாரு பெரியப்பன். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டில்ல?

வசந்தாமணி: உண்டுங்க... அப்பா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தக் காயிதத்துல நெசமா என்ன இருந்துச்சுன்னா...

அப்புசாமி: எனக்குத் தெரியாதா சாமி? பழைய கணக்கெல்லாம் கரையான் தின்னுபோச்சு, உங்க வம்சத்தைப் பத்தி ஒரு எழுத்துங் கெடையாதுன்னு குமாஸ்தா படிச்சுக் காட்டித்தான் என்ற கையில குடுத்தாரு. நாமக்கல் வரைக்கும் பஸ்சுல அழுதுட்டே வந்தவன், அங்கிருந்து இங்க வாரவரைக்கும் ரோசனை பண்ணிட்டே வந்தேன், இதை உன்ற கையில குடுத்தா என்னத்தைப் படிப்பயோன்னு. எல்லாம் நல்லாத்தான் படிச்ச... அதுக்காவ மவராசி, அவிய ஊட்டுக்குக் குதிரை குடுத்த கையி, நம்ம ஊட்டுக்கு ஒரு கழுதையக்கூடக் குடுக்கலயே?